காலி வண்டி

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கருத்து முற்றிவிட்டது. முன்னெல்லாம் ஒருவனிடம் வழி கேட்டால் சொல்வான், தெரியாவிட்டால் தெரியாது என்று போய்விடுவான். இப்போது வழி கேட்டால், அங்கே எதற்குப் போகிறீர்கள் என்று தொடங்கி நாடு உருப்படாமல் போனதற்குக் காரணம் வரைக்கும் சொல்லிவிட்டு, வழியை மட்டும் சொல்லாமல் போகிறான். தன் வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், அரசாங்கம் எங்கே ஒழுகுகிறது என்று விரலை நீட்டிக் காட்டுகிறான்.

ரேடியேட்டர்காரர் காலையில் பைபாஸ் ரோட்டுப் பட்டறையின் கதவைத் தூக்கும்போதே இந்தப் புலம்பலையும் சேர்த்துத் தூக்குவார். கேட்பதற்கு இரண்டு பேர் உண்டு. இடப்பக்கம் பஞ்சர் கடைக்காரன். வலப்பக்கம் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவர்.

"அண்ணே, கருத்து சொல்றவனைப் பத்தி நீங்க சொல்ற கருத்து இருக்கே, அதுக்கே தனியா ஒரு ஆபீஸ் போடலாம்" என்பான் பஞ்சர்காரன்.

ரேடியேட்டர்காரர் படித்தது கொஞ்சம். எழுத்துக் கூட்டிப் படிப்பார். கூட்டி முடிப்பதற்குள் கோபம் வந்துவிடும். ஆகவே படித்ததை நம்புவதில்லை. கேட்டதையும் நம்புவதில்லை. வாலிபத்திலிருந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியேட்டர் அடைக்கிற மனிதர். ஓட்டை மேல்பக்கம்தான் என்று டிரைவர் அடித்துச் சொல்வான். இவர் பதில் பேசாமல் ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, உள்ளே காற்றடிப்பார். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. டிரைவர் சொன்ன இடத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் உலகத்தில் அவர் நம்பியது குமிழி ஒன்றைத்தான். தகரத்தைத் தட்டித் தட்டிக் காது மந்தம். காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அந்தப் பெண் வந்தது ஒரு மத்தியான வெயிலில். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை அகலத்துக்கு ஒரு போன், அறுந்த செருப்பில் ஊக்கு.

"ஐயா, அரசாங்கத்துலேர்ந்து கருத்துக் கேக்க வந்திருக்கேன்."

"தப்பான கடைக்கு வந்துட்டே. இங்க அது விக்கிறதில்ல."

"நம்பாதீங்கக்கா. மொத்த வியாபாரமே இங்கதான்" என்றான் பஞ்சர்காரன்.

அவள் சிரித்துவிட்டுப் போனைப் பார்த்து வாசித்தாள். அரசாங்கத்துக்கு வருவதைவிடப் போவது அதிகமாக இருக்கிறதாம். பற்றாக்குறை என்று அதற்குப் பெயராம். அதைக் குறைக்க வேண்டுமா, வேண்டாமா?

"இதை வேற வீடு வீடா வந்து கேக்கணுமா? பத்து சம்பாதிச்சு பதிமூணு செலவு பண்ணினா எந்தப் பொண்டாட்டியாவது சோறு போடுவாளா? குறைக்கணும்" என்றார் ரேடியேட்டர்காரர்.

"குறைக்கணும்" என்றார் சீட்காரர், வாயிலிருந்த நூலை எடுக்காமல்.

"குறைச்சே ஆகணும்" என்றான் பஞ்சர்காரன். ஏதோ அவன் கையெழுத்துக்காகத்தான் அரசாங்கம் காத்திருக்கிற மாதிரி.

"சரி, எதைக் குறைக்கலாம்? ரோடு?"

"ரோட்டுல கை வைக்காதீங்கக்கா."

"ஏன்டா, ரோடு மோசமானாத்தானே உனக்குப் பொழப்பு?" என்றார் சீட்காரர்.

"பஞ்சர் ஆகறதுக்கு முதல்ல வண்டி வரணுமில்ல மாமா!"

"முதியோர் பென்ஷன்?" என்றாள் அந்தப் பெண்.

இப்போது சீட்காரர் நூலைத் துப்பினார். "எங்க அம்மா பென்ஷன்லதாம்மா எங்க வீட்டு அடுப்பே எரியுது. அதை விட்டுட்டு வேற ஏதாவது கேளு."

பள்ளிக்கூடம் என்றாள். பஞ்சர்காரனுக்கு இரண்டு பிள்ளைகள். தெருவிளக்கு என்றாள். ஏற்கெனவே இருட்டு என்றார்கள். அவள் ஒரு பழைய ரேடியேட்டர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காலையிலேர்ந்து சுத்தறேன். குறைக்கணுமான்னு கேட்டா எல்லாரும் ஆமாங்கறாங்க. எதைன்னு கேட்டா பக்கத்து வீட்டைக் காட்டறாங்க. யாராவது ஒருத்தர், ஒண்ணே ஒண்ணைப் பேர் சொல்லிச் சொன்னாத் தேவலை."

ரேடியேட்டர்காரருக்கு அது சுருக்கென்றது. வாயிருந்தும் தைரியமில்லாத கூட்டத்தில் தன்னையும் சேர்த்துவிட்டாளே! அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வெள்ளை வண்டி அந்தப் பக்கமாகப் போனது. நோயாளிகளை வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போக அரசாங்கம் விட்டிருக்கிற இலவச வண்டி.

"அந்தா போகுது பாரு! டிரைவரைத் தவிர உள்ள ஈ காக்கா இருக்கா? காலையில காலியாப் போகும், காலியா வரும். மத்தியானமும் அதே கூத்து. காத்தை ஏத்திக்கிட்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுது? எழுதிக்கோ. முதல்ல அதை நிறுத்தச் சொல்லு."

"நிச்சயமாத் தெரியுமா ஐயா?"

"கண்ணால பாக்கறேம்மா. தினமும்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அதற்குள் சீட்காரர் அவள் செருப்பை வாங்கி இரண்டு தையல் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது அவள் ரேடியேட்டர்காரரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றி ஐயா. பேர் சொல்லிச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் யாரையும் திட்டவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் சீட்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். பொதுமக்களின் கருத்துக்கிணங்க, பயன்பாடு குறைந்த சில சேவைகள் நிறுத்தப்படுகின்றன. அதில் அந்த வண்டியும் ஒன்று.

"யோவ், நீ சொன்னதைக் கேட்டுட்டாங்கய்யா! இனிமே உன்னை மந்திரின்னுதான் கூப்பிடணும்."

"மந்திரி அண்ணே, டீ?" என்றான் பஞ்சர்காரன்.

மந்திரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அரசாங்கம் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்திருக்கிறது, அதுவும் தன் பேச்சைக் கேட்டு. தெருவில் அந்த வண்டி வராதது அவர் கண்ணுக்கு அழகாக இருந்தது.

அந்த அழகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான்.

மகள் வீட்டுக்கு அவர் அதிகம் போவதில்லை. காரணம் சம்பந்தியம்மா. டெலிபோன் ஆபீசில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊசி விழுந்தால் எந்த அறையில் விழுந்தது என்று சொல்லிவிடும் காது, கணீரென்ற குரல். சம்பந்தம் பேச வந்த அன்று இவருடைய விரல்களில் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, "உங்க பக்கத்துல சோப்பு கிடைக்காதோ?" என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆனாலும் இவர் அதை ஈயம் வைத்துப் பற்றவைத்த மாதிரி மனதில் வைத்திருந்தார். மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான். சம்பந்தியம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று மகள் ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் இவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பெண் கொடுத்த இடத்தில் தன் சீக்கைச் சொல்லிக்கொள்கிற ரகம் இல்லை அந்த அம்மா.

போனபோது மகள் கதவைத் திறந்தாள். முகம் பாதியாக இளைத்திருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. அத்தைக்குத்தான்."

உள்ளே சம்பந்தியம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கி, செருப்புப் போட முடியாமல் துணி சுற்றியிருந்தது.

"வாங்க சம்பந்தி. சோப்பு கிடைச்சுதா?" குரலில் அந்தக் கணீர் மட்டும் குறையவில்லை.

அவர் விரல்களை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள்தான் சொன்னாள். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். இதுவரைக்கும் வண்டி வீட்டு வாசலுக்கு வரும், கொண்டுபோய் விடும், கொண்டுவந்து விடும். இப்போது வண்டி இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டும். தையல் கம்பெனியில் அவள் அடிக்கடி லீவு போடுவதைப் பார்த்து, இன்னொரு நாள் போட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதனால் அத்தை மூன்று நாளை இரண்டு நாளாக்கிக்கொண்டார்.

"ரெண்டு போதும்னு இவங்களா முடிவு பண்ணிட்டாங்கப்பா. டாக்டர் கத்தறார்."

"எந்த வண்டி?" என்று கேட்டார் ரேடியேட்டர்காரர். எந்த வண்டி என்று அவருக்குத் தெரியும். வேறு ஏதாவது ஒரு வண்டியாக இருந்துவிடாதா என்றுதான் கேட்டார்.

"வெள்ளை வண்டி. காலியா ஓடுதுன்னு எவனோ சொல்லிட்டானாம். டிரைவர் சொல்லி அழாத குறை" என்றார் சம்பந்தியம்மா.

"காலியா... ஓடலையா?"

"என்ன சம்பந்தி நீங்க! எட்டு பேரு, முழங்கால் இடிக்க உக்காந்து போவோம். பின்பக்கத்து ரோடு வழியாப் போய் எங்களை இறக்கிவிட்டுட்டு, டீசல் போட பைபாஸ் பக்கம் போவான். போறப்பவும் காலி, திரும்பறப்பவும் காலி. பின்ன, எங்களையும் ஏத்திக்கிட்டா டீசல் போடப் போவான்? சாப்பிடப் போறப்பவும் அதே கதை. அந்தப் பக்கம் எவனோ வேலை வெட்டி இல்லாம உக்காந்து பாத்திருக்கான். பாத்தவன் எங்கடா போறேன்னு ஒரு வார்த்தை டிரைவரைக் கேட்டிருந்தா வாய்ல முத்தா உதிர்ந்திருக்கும்?"

மகள் கொடுத்த தண்ணீர் அவருக்குத் தொண்டையில் நின்றது. இருமினார். இருமல் நிற்கட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

அவர் பார்த்தது பொய்யில்லை. அதுதான் அவரை அறுத்தது. பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். வண்டி காலியாகத்தான் போனது. அவர் கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. தொட்டியில் முழுசாக முக்காமல், ஒரு மூலையை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு ஓட்டை என்று சொல்லிவிட்டார். அவருடைய தொழிலில் யாரும் செய்யாத காரியம்.

"நாளையிலேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மகள் திகைத்தாள். "நீங்களாப்பா? பட்டறை?"

"பட்டறை எங்க ஓடிப்போகுது?"

சம்பந்தியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன சம்பந்தி, திடீர்னு? ஏதாவது கனவு கினவு கண்டீங்களா?"

"மூணு நாளும் போகணும்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. முதல் பஸ்ஸில் இடம் கிடைக்கும். இரண்டாவது பஸ்ஸில் கிடைக்காது. ரேடியேட்டர்காரர் ஏறியவுடன் போடுகிற சத்தத்தில் யாராவது ஒருவர் எழுந்துவிடுவார். அந்த அம்மாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பார். பையில் ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில், மாற்றுச் சேலை.

"பையை மடியில குடுங்க. அழுக்காகப் போகுது" என்பார் சம்பந்தியம்மா. அவர் அடுத்த தடவை மண்ணெண்ணெய் விட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டு வந்தார். கறுப்பு போகவில்லை, வாசனைதான் சேர்ந்தது. அதற்கும் ஒரு பேச்சு வாங்கினார். எந்தப் பேச்சுக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத ரேடியேட்டர்காரரை மகளே பார்த்ததில்லை. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று போனில் கணவனிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அந்த வண்டியில் போய்வந்த எட்டுப் பேரையும் அவருக்குத் தெரிந்துபோனது. எட்டு என்று சொல்வது பழக்கத்தில். வந்தவர்கள் ஏழு பேர்.

"மாவு மில்காரர் எங்கே?" என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்டார் சம்பந்தியம்மா.

"அவர் வீடு ரொம்பத் தள்ளிம்மா. பஸ் கிடையாது. வாரத்துக்கு ஒண்ணுதான் வர்றார். இந்த வாரம் அதுவும் காணோம்."

ரேடியேட்டர்காரர் எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். அந்த மாவு மில்காரரை அவர் பார்த்ததே இல்லை. பார்க்காததை நம்பாதவர்தான். ஆனால் அந்தப் பார்க்காத ஆள்தான் அன்றும் மறுநாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டறையில் காற்றடிக்கும்போது உட்கார்ந்திருந்தார். சோற்றில் கைவைக்கும்போதும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மந்திரி, சாப்பாடு இறங்கலையா?" என்றார் சீட்காரர்.

"அந்தப் பேரைச் சொல்லாதே" என்றார். அவர் சொன்ன விதத்தில் பஞ்சர்காரன்கூடச் சிரிக்கவில்லை.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணினார். கருத்துக் கேட்ட அலுவலகம் ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. அடுத்த முறை திரும்பும்போது சம்பந்தியம்மாவிடம், "வண்டியைத் திரும்ப விடச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். ரேடியேட்டர்காரர் நின்றுகொண்டே சொன்னார். பட்டறை, அந்தப் பெண், வண்டி, கண்ணால் பார்த்தது, ஒன்றையும் விடவில்லை.

"அது தப்பு. என் பேச்சை எடுத்துடுங்க."

அதிகாரி சிரித்தார். "பெரியவரே, இதுக்காகவா இவ்வளவு தூரம்? நீங்க ஒருத்தர் சொல்லி வண்டி நிக்கலை. பல ஆயிரம் பேரைக் கேட்டோம். பற்றாக்குறையைக் குறைக்கணும்னு நூத்துக்கு எண்பது பேர் சொன்னாங்க. எதைக் குறைக்கணும்னு கேட்டா அதே எண்பது பேரும் ஒண்ணும் வேண்டாம்னாங்க. அதை வெச்சுக்கிட்டு என்ன முடிவு எடுக்க முடியும்? வண்டியை நிறுத்தறதுன்னு அதுக்கு முன்னாடியே மேல முடிவாயிடுச்சு."

"முன்னாடியேவா?"

"முன்னாடியே. நீங்க நிம்மதியாப் போகலாம்."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"கேக்கணும்னு விதி."

"பொதுமக்கள் கருத்துக்கிணங்கன்னு பேப்பர்ல வந்துச்சே?"

"அது எல்லா அறிவிப்புலயும் போடற வாசகம்தான்."

"சரி. என் பேச்சுக்கு மதிப்பில்லைங்கறீங்க. மதிப்பில்லாததை எடுத்துப் போட என்ன கஷ்டம்?"

"கணக்குல சேத்தாச்சு. எடுக்க முடியாது."

ரேடியேட்டர்காரர் மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தார். "அதுல இருக்குமில்ல? அந்த வண்டியை நிறுத்துன்னு எத்தனை பேர் சொன்னாங்கன்னு பாருங்க."

அதிகாரி எதையோ தட்டினார். திரையைப் பார்த்தார். புருவம் கொஞ்சம் ஏறியது. பிறகு திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"சில பேர்" என்றார்.

"எத்தனைங்க?"

"அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாது பெரியவரே. உங்க மேல தப்பே இல்லைன்னு அரசாங்கமே சொல்லுது. அப்புறம் என்ன?"

 ஆயுசு முழுக்க இந்த ஆட்கள் சொன்ன எதையும் ரேடியேட்டர்காரர் நம்பியது கிடையாது. தண்ணீர் வரும் என்றார்கள், நம்பவில்லை. விலை குறையும் என்றார்கள், நம்பவில்லை. இப்போது நீ குற்றவாளி இல்லை என்கிறார்கள். நம்பிவிட்டால் இன்று ராத்திரி தூங்கலாம். ஆனால் திரையை ஏன் திருப்பினான்?

"வர்றேன்" என்று வெளியே வந்தார்.

சம்பந்தியம்மா பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். பையை எடுக்கக் குனிந்தபோது கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"நீங்க பேசினது கீழ் மாடி வரைக்கும் கேட்டுது சம்பந்தி."

அவர் அப்படியே நின்றார். குனிந்த முதுகு நிமிரவில்லை.

"இந்தக் காது வேற யாருக்காவது வாய்ச்சிருக்கக் கூடாதா" என்றார் அந்த அம்மா. "வேலை வெட்டி இல்லாதவன்னு நான் திட்டினப்ப எதிர்ல உக்காந்து தண்ணி குடிச்சீங்களே."

"ஆமா."

"இவ்வளவு நாள் பையைத் தூக்கினது அதுக்குத்தானா?"

"ஆமா."

 தாழ்வாரத்தில் ஒரு ஆள் தேநீர்த் தட்டோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

"எனக்கு இப்ப கோபப்படத் தெம்பில்ல" என்றார் சம்பந்தியம்மா. "வெள்ளிக்கிழமை தெம்பு இருந்தா வெச்சுக்கறேன். ஆனா ஒண்ணு. அந்த ஆபீசர் சொன்னது சரியாத்தான் இருக்கும். நீங்க சொல்லியா நிறுத்தப்போறான்? அவனவன் முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் கேக்கவே வர்றான். விடுங்க."

"நீங்களுமா நம்பிட்டீங்க?" என்றார் ரேடியேட்டர்காரர்.

"நம்பாம?"

"திரையைத் திருப்பிட்டான் சம்பந்தியம்மா."

"அதனால?"

"சொன்னது ஒருத்தன்தான்னா திருப்பத்தானே செய்வான்" என்றார் அவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த அம்மா எழுந்திருக்கக் கையை நீட்டினார். கறுப்பேறிய கை. சம்பந்தியம்மா அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். படியில் இறங்கும்போது ரேடியேட்டர்காரர் கேட்டார்:

"அந்த மாவு மில்காரர் வீடு எங்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"விசாரிச்சா சொல்லிடுவாங்க. எதுக்கு?"

"போய்ப் பாக்கணும்."

"என்ன சொல்லப் போறீங்க அவர்கிட்ட? ஆபீசர் சொன்னதையா?"

"அதை நானே நம்பலை" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே அவர் அந்த அம்மாவோடு தெருவைக் கடந்தார். அலுவலகத்தை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.